தன் பெயர் கூறும் சரக்கு

1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஈராக்கியப் படைகள் குவைத்தினுட் புகுந்தன. அதனைத் தொடர்ந்த ஆறு மாதங்களில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட போர்வீரரையும், அவர்க்கு வேண்டிய உணவு, உடை, மருந்து, வெடிபொருள், உதிரிப்பாகம் யாவற்றையும் பாரசீக வளைகுடாவின் கரையிற் கொண்டுபோய் இறக்கின. சவூதி அரேபியாவின் துறைமுகங்களில் இரும்புக் கொள்கலன்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டன. அவற்றின் தொகை ஏறக்குறைய 40,000. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவற்றை, உள்ளே இருப்பது யாது என்று அறிவதற்காகவே திறந்து பார்க்க வேண்டியிருந்தது. பொருள்கள் ஒரு வழியாகவும் அவற்றைப் பற்றிய பத்திரங்கள் மறு வழியாகவும் சென்றிருந்தன. கேட்ட பொருள் வந்து சேராமையால் படைப்பிரிவினர் அதனையே இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டெழுதினர். அவர் கேட்குந்தோறும் துறைமுகத்துக் குவியல் மேலும் உயர்ந்தது.

பொருள் இல்லாமையால் வரும் துன்பத்துக்குப் பஞ்சம் என்று பெயருண்டு. பொருள் நிறைந்திருந்தும் அஃது இருக்குமிடம் தெரியாமையால் வரும் துன்பத்துக்குத் தனிப்பெயர் இல்லை. ஆயினும், களஞ்சியத்துச் சாவியை இடுப்பிற் செருகிய எவரும் அத்துன்பத்தை அறிவர். தீர்ந்துபோயிற்று என்று வாங்குவோனைத் திருப்பி அனுப்பிய மறுநாள், அதே பொருள் மூலையிற் கிடந்த அடுக்கின் பின்னே கண்டெடுக்கப்படுவது உலகெங்கும் நிகழும் செய்தியே.

சரக்கின்மீது குறியிடும் வழக்கம் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்திற் கிடந்த பொதிகளின்மேல் உரியவர் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்த செய்தியைக் கூறுகிறது. மையும் தூரிகையும் கொண்டு மூட்டையிற் குறியிடும் அம்முறை இருபதாம் நூற்றாண்டிலும் மாறாது நின்றது. பின்னர் கோட்டுக்குறி வந்தது. பார்கோடு என்று கடைகளில் வழங்கும் அக்கறுப்புக் கோடுகளுக்கு நோர்மன் வூட்லண்ட், பேர்னாட் சில்வர் என்னும் இருவர் 1952இல் காப்புரிமை பெற்றனர். 1974 யூன் 26ஆம் நாள் ஒகாயோ மாநிலத்தின் திரோய் நகரக் கடையொன்றில், சுவிங்கம் பொதியொன்றின் மேலிருந்த கோடுகளை ஒளிக்கற்றை முதன்முறையாக வாசித்து விலை கூறிற்று. எழுத்தைப் படிக்கும் மனிதக் கண்ணின் இடத்தில் கண்ணாடிக் கண் வந்து அமர்ந்தது. ஆனால், புகாரின் பொதிக்கும் திரோயின் பொதிக்கும் பொதுவான கட்டுப்பாடு ஒன்று உண்டு. குறி வெளியே தெரிய வேண்டும். கண் அதன் எதிரே நிற்க வேண்டும்.

அக்கட்டுப்பாடு எத்துணைக் கடுமையானது என்பதை அமெரிக்க இருப்புப் பாதைக் கம்பனிகள் பொருட்செலவு செய்து கற்றுக்கொண்டன. ஒரு கம்பனியின் சரக்கு வண்டி வேறு பல கம்பனிகளின் பாதைகளிலும் ஓடும் நாடு அது. எந்த வண்டி எந்தக் கந்தோர்க் கணக்கில் எங்கே நிற்கிறது என்று அறிதற்காக, வண்டிகளின் பக்கங்களில் ஒளிதெறிக்கும் வண்ணப் பட்டைகளை ஒட்டிப் பாதையோரத்துக் கருவிகளால் வாசிக்கும் முறையை அவை 1967இல் ஏற்றுக்கொண்டன. கார்ட்ராக் என்பது அம்முறையின் பெயர். பட்டைகள் புதியனவாக இருந்தவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பின்னர்ப் புழுதியும் எண்ணெயும் பனிச்சேறும் படிந்தன. கருவி கண்ணிருந்தும் குருடாயிற்று. பட்டைகளைக் கழுவித் துடைத்துப் பேணுவார் இல்லாமையால் 1977இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அழுக்கு மூடினும் அட்டைப்பெட்டி மறைப்பினும் கேட்டவுடன் தன் பெயரைத் தானே கூறவல்ல ஒரு குறி வேண்டும் என்ற எண்ணத்துக்கு விடையாக வந்ததே வானொலி அலையால் வாசிக்கப்படும் அடையாள வில்லை. பழைய கச்சேரிச் சேவகர் மார்பிலே அணிந்த பித்தளை வில்லை அவர் இன்ன கந்தோரைச் சேர்ந்தவர் என்று காட்டியது. இப்புதிய வில்லை காட்டுவதில்லை, சொல்லுகிறது.

சரக்குத் தொழிலில் அவ்வில்லையை எதன்மேல் ஒட்டுவது? ஒவ்வொரு பண்டத்தின் மீதும் ஒட்டுவது ஒரு வழி. பெரிய கொள்கலன் மீது ஒட்டுவது மற்றொரு வழி. இரண்டுக்கும் நடுவே நிற்பது பலட். ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலமும் அதனினும் சற்றே மிகுந்த நீளமும் உடைய மரத்தட்டு அது. போர்க்லிப்ட் வண்டியின் இரும்பு நாக்குகள் புகுவதற்கேற்ப அதன் அடியில் இடைவெளி விடப்பட்டிருக்கும். அதன்மேல் ஐம்பது அறுபது அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பிளாத்திக்குத் தாளாற் சுற்றிவிட்டால், பத்துப் பேர் தூக்க வேண்டிய சுமையை வண்டியோட்டி ஒருவர் தூக்கிச் செல்வார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினர் பெருந்தொகையாகக் கையாண்ட பின்னரே பலட் உலகெங்கும் பரவியது. போர் முடிந்து அவர்கள் அவுஸ்திரேலியாவில் விட்டுச்சென்ற சரக்கேற்றும் கருவிகளையும் பலட்டுகளையும் கொண்டு அந்நாட்டு அரசாங்கம் தொடங்கிய வாடகை அமைப்பே, 1958இல் பிராம்பிள்ஸ் என்னும் கம்பனியின் கைக்கு மாறி, செப் என்ற பெயருடன் இன்று பல நாடுகளிலே நீல வண்ணப் பலட்டுகளை வாடகைக்கு விடுகிறது. தொழிற்சாலையிலிருந்து களஞ்சியத்துக்கும் களஞ்சியத்திலிருந்து கடைக்கும் சரக்கு நகரும்போது, நகர்வது பெரும்பாலும் பலட்டே. ஆகவே, பலட் தன் பெயர் கூறுமாயின் அதன்மேல் உள்ள சரக்கின் நடமாட்டமும் தெரிந்துவிடும் என்று வணிகர் கருதியதில் வியப்பில்லை.

இனி, வில்லை பேசும் வகையைக் காண்போம். பலட்டில் ஒட்டப்படும் வில்லையில் மின்கலம் இல்லை. மின்கலமின்றி இயங்கும் கருவி வானொலி நேயர்க்கு முற்றிலும் புதியதன்று. வானொலியின் தொடக்க நாள்களில் படிகப் பெட்டி என்றொன்று இருந்தது. கலீனா என்னும் ஈயக் கனிமத் துண்டு, அதனைத் தொட்டு நிற்கும் மெல்லிய கம்பி, கம்பிச் சுருள், நீண்ட ஏரியல், காதிற் பொருத்தும் கேள்கருவி, இவ்வளவே அதன் உறுப்புகள். மின்கலமும் இல்லை, மின்னிணைப்பும் இல்லை. ஒலிபரப்பு நிலையத்திலிருந்து காற்றில் வந்த அலையின் வலுவே காதிலே பாட்டாகவும் செய்தியாகவும் ஒலித்தது. பலட்டின் வில்லையும் அவ்வாறே அலையிலிருந்து வலுப்பெறுகிறது. உள்ளங்கையளவான ஒட்டுத்தாள் ஒன்றின் நடுவே மணற்பருக்கை அளவான சில்லு இருக்கும். அதன் இருமருங்கும் அலுமினியத்தாலாய மெல்லிய ஏரியல் வளைந்து வளைந்து செல்லும். களஞ்சிய வாயிலிலே பொருத்தப்பட்ட வாசிப்பான் இடைவிடாது அலை பரப்புகிறது. அந்த அலை ஏரியலிற் பட்டவுடன் சில்லு விழித்துக்கொள்கிறது. அதற்கு வேண்டிய வலு ஒரு வாற்றின் இலட்சத்தில் ஒரு பங்களவே.

விழித்த சில்லு எப்படி மறுமொழி கூறும்? தனக்கென ஒலிபரப்பு நிலையம் நடத்த அதற்கு வலுப் போதாது. வெயிலிலே நின்று கண்ணாடித் துண்டொன்றால் எதிர்வீட்டுச் சுவரிலே ஒளி பாய்ச்சி விளையாடும் சிறுவனை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். அவன் கையில் விளக்கில்லை. ஒளி சூரியனுடையது, கண்ணாடியைத் திருப்புவதும் விடுவதுமே அவன் செயல். வில்லையும் தன் ஏரியலின் தன்மையைக் கணத்துக்குக் கணம் மாற்றி, வந்த அலையை ஒருமுறை வலிதாகவும் ஒருமுறை மெலிதாகவும் திருப்பி அனுப்புகிறது. அந்த வலிவு மெலிவுகளின் ஒழுங்கை வாசிப்பான் எண்ணாகப் படித்துக்கொள்கிறது. நல்ல நிலைமையிற் சில மீற்றர் தொலைவிலிருந்தும் இவ்வுரையாடல் நடைபெறும்.

இவ்வுத்தியின் முன்னோடி வணிகத்தில் அன்று, ஒற்றாடலிலே தோன்றியது என்பது சுவையான செய்தி. 1945 ஓகஸ்டில் சோவியத் மாணவர் சிலர், மொஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதுவர் அவரல் ஹரிமனுக்கு மரத்திற் செதுக்கிய அமெரிக்க அரசின் இலச்சினையைப் பரிசளித்தனர். தூதுவரின் இல்லத்தில் அது ஏழாண்டுகள் தொங்கியது. அதனுள்ளே லியோன் தெரமின் என்னும் அறிஞர் அமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. அதிலும் மின்கலம் இல்லை. வெளியேயிருந்து அலையைச் செலுத்தினால், அறையில் நிகழும் பேச்சுக்கேற்ப அதிர்ந்து அந்த அலையைத் திருப்பி அனுப்பும். அலை நின்றால் வெறும் மரப்பலகையாகிவிடும். ஆகவேதான் சோதனையிட்டோர் கண்ணுக்கு அது நெடுங்காலம் தப்பிற்று. 1952இலேயே அகப்பட்டது. 1960இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் அமெரிக்கப் பிரதிநிதி அதனை எடுத்துக் காட்டியபோது உலகம் அறிந்தது. இதனிடையே 1948இல் ஹரி ஸ்டொக்மன் என்பார், திருப்பி அனுப்பப்படும் அலையாற் செய்தி பரிமாறும் வழியை விளக்கி ஓர் ஆய்வுரை வெளியிட்டிருந்தார். அவர் கருத்து நடைமுறைக்கு வரச் சில்லுகள் சிறுக்கவும் விலை குறையவும் வேண்டியிருந்தது. அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது.

வில்லையிற் பொதிந்துள்ள எண்ணைப் பற்றியும் கூறவேண்டும். பெரும்பாலான வில்லைகளில் 96 இரும இலக்கங்கள் கொண்ட எண் எழுதப்படுகிறது. அத்தகைய எண்கள் எத்தனை அமையக்கூடும் எனின், 79 என்று எழுதி அதன் பின்னே 27 சுழியங்கள் இட வேண்டும். ஒரே கம்பனி செய்த, ஒரே வகையான, ஒரே நாளில் அடுக்கிய இரண்டு பலட்டுகளுக்கும் வெவ்வேறு எண் கொடுக்கலாம். கோட்டுக்குறி பொதுவாக இஃது இன்ன வகைப் பொருள் என்று கூறும். வில்லை இஃது இன்ன ஒன்று என்று கூறும்.

ஆனால், ஒரு வாயிலின் முன்னே நூறு வில்லைகள் ஒருங்கே விழித்து ஒருங்கே பேசினால் வாசிப்பானுக்கு ஒன்றும் விளங்காது. ஆசிரியர் புதியவராக, வகுப்பிலே நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் தம் பெயரைக் கூவினால் எவ்வாறோ அவ்வாறே. அதற்கு அறிஞர் கண்ட வழி சீட்டெடுப்பது. வாசிப்பான், இத்தனை முறைகள் உள்ளன என்று அறிவிக்கும். ஒவ்வொரு வில்லையும் தன்னுள்ளே ஓர் எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்து, தன் முறை வரும்வரை மௌனமாக எண்ணிக் காத்திருக்கும். ஒரே முறையில் இரு வில்லைகள் பேசிவிட்டால் அவை மறுபடியும் சீட்டெடுக்கும். பேசி முடித்த வில்லை அடங்கியிருக்கும். முறைகள் மிகுதியாக வெறுமையாயிருந்தால் வாசிப்பான் அவற்றைக் குறைக்கும்; மோதல் மிகுந்தாற் கூட்டும். இவ்வகையில் ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான வில்லைகளை வாசித்துவிடலாம். இவ்வேற்பாட்டின் மூலம் ஹவாய்த் தீவுகளிலே உள்ளது. தீவுக்குத் தீவு வானொலியாற் கணினிகளை இணைக்கும் பொருட்டு நோர்மன் ஏப்ரம்சனும் அவர் துணைவரும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் அமைத்து, 1971இல் இயங்கத் தொடங்கிய அலோகா என்னும் வலையமைப்பின் வழிவந்தது அது.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பெருவணிகத்துக்கு ஏற்றதாக்கும் முயற்சி 1999இல் மசசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் தொடங்கியது. அதன் முன்னணியில் நின்றோருள் ஒருவர் கெவின் அஷ்டன். அவர் ஆய்வாளராக வந்தவரல்லர். சவர்க்காரமும் அழகுப் பொருள்களும் செய்யும் புரொக்டர் அன்ட் காம்பிள் கம்பனியின் அலுவலர். தமது கம்பனியின் உதட்டுச் சாயம் ஒன்று கடைத்தட்டிலே அடிக்கடி இல்லாதிருப்பதையும், அதே வேளையிற் களஞ்சியத்தில் அது கிடப்பதையும் கண்டு மனம் நொந்தவர். வளைகுடாவின் கொள்கலனும் உதட்டுச் சாயமும் அளவில் எவ்வளவோ வேறுபட்டவை, நோய் ஒன்றே.

2003 யூன் மாதத்தில் உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமான வோல்மார்ட், தனக்குச் சரக்கு வழங்குவோருள் முதல் நூறு பேரும் 2005 ஜனவரி தொடக்கம் பலட்டுகளிலும் அட்டைப்பெட்டிகளிலும் வில்லை ஒட்டியே அனுப்ப வேண்டும் என்று அறிவித்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமும் அவ்வாண்டிலேயே அத்தகைய கட்டளையிட்டது. ஜேர்மனியின் மெற்றோ நிறுவனமும் 2004இல் அவ்வழி சென்றது. எங்கும் பெரும் பரபரப்பு. 2004 ஏப்ரிலில் ரெக்சாஸ் மாநிலத்தின் சாங்கர் என்னும் ஊரிலிருந்த வோல்மார்ட்டின் களஞ்சியத்தில் எட்டு வழங்குநரின் 21 வகைப் பொருள்களுடன் சோதனை தொடங்கியது. 2005 ஜனவரியிற் குறித்த நூறு பேருடன் தாமாகவே முன்வந்த 37 பேரும் சேர்ந்துகொண்டனர்.

அப்போதுதான் இயற்கை குறுக்கிட்டது. பலட் வில்லைகள் பயன்படுத்தும் அலை 860 தொடக்கம் 960 மெகாஹேட்ஸ் வரையிலானது. அந்த அலையை நீர் உறிஞ்சும், உலோகம் திருப்பியடிக்கும். அரிசிப் பொரியும் கடுதாசியும் நிறைந்த பலட் வாயிலைக் கடக்கும்போது எல்லா வில்லைகளும் பேசின. தண்ணீர்ப் போத்தல், சலவைத் திரவம், தகர டப்பாவில் அடைத்த சூப்பு ஆகியவை அடுக்கிய பலட்டில் நடுவேயிருந்த பெட்டிகளின் வில்லைகள் ஊமையாயின. மழையில் நனைந்த மரப் பலட்டே வில்லையின் குரலைக் கம்மச்செய்தது. போர்க்லிப்ட் வண்டியின் நாக்கு உராய்ந்து வில்லை கிழிந்ததும் உண்டு. இதற்கு மாறான கோளாறும் நேர்ந்தது: மூன்றாம் வாயிலின் வாசிப்பான், நான்காம் வாயிலிற் காத்து நின்ற பலட்டின் குரலையும் கேட்டு, அது தன் வாயிலைக் கடந்ததாகப் பதிந்துவிடும். பேசாதவனைப் பேசவைப்பது ஒரு சிக்கல்; கேட்கக்கூடாததைக் கேளாதிருப்பது மற்றொரு சிக்கல். இரண்டாவதே பொல்லாதது எனலாம். விடுபட்ட பெயரைத் தேடிப் பிடிக்கலாம். பொய்யாகப் புகுந்த பெயரைச் சந்தேகிக்க எவர்க்கும் தோன்றாது.

தொழிலாளரும் பொறியியலாளரும் இவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பரிகாரம் கண்டனர். பிளாத்திக்குத் தாள் சுற்றும் இயந்திரத்தின் மேடை பலட்டைச் சுழற்றுவதால், அதன் அருகே வாசிப்பானை நிறுத்தினால் எல்லாப் பக்கங்களும் அதனை நோக்கி வரும். பெட்டிகளை அடுக்கிய பின் வாசிக்காமல், ஒவ்வொன்றாக நகர்பட்டையிற் செல்லும்போதே வாசித்து, இன்ன பெட்டிகள் இன்ன பலட்டில் ஏறின என்று பதிந்துகொண்டால், வாயிலிலே பலட் ஒன்றின் பெயரைக் கேட்டாற் போதும். வாயிலுக்கு வாயில் தடுப்பு வைத்தனர். பலட் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று அறிய ஒளிக்கண் பொருத்தினர். பொறுமையுடன் செய்த இச்சிறு திருத்தங்களுக்கே பெரும்பகுதிப் புகழ் உரியது. செய்தித்தாள்கள் அவற்றை எழுதவில்லை.

இயற்கையினும் கடினமான தடை வணிகத்துள்ளேயே இருந்தது. வில்லைக்கும் அதனை ஒட்டுவதற்கும் செலவு செய்தவர் பொருள் வழங்குநர். சரக்கு இருக்குமிடம் தெரிந்து நன்மை அடைந்தவர் கடைக்காரர். ஆர்கன்சா பல்கலைக்கழகத்தார் 2005இல் வில்லை முறை நடைபெற்ற பன்னிரண்டு வோல்மார்ட் கடைகளை, அம்முறை இல்லாத பன்னிரண்டு கடைகளுடன் ஒப்பிட்டு, தட்டிற் பொருள் இல்லாதிருக்கும் நிலை 16 வீதம் குறைந்தது எனக் கண்டனர். அது மெய்யான பயன். ஆயினும் சவர்க்காரம் செய்பவருக்கு அதிலே கிடைத்த பங்கு சிறிது. ஆகவே, வழங்குநர் பலர் தம் தொழிற்சாலையினுள் வில்லையைப் பயன்படுத்தவே இல்லை. லொறி புறப்படும் வேளையில், வோல்மார்ட்டுக்குச் செல்லும் பலட்டுகளில் மட்டும் அவசரமாக ஒட்டி அனுப்பினர். கட்டளைக்காகச் செய்த வேலை கட்டளையின் அளவே நடந்தது. 2008 ஜனவரியில் வோல்மார்ட்டின் கிளையான சாம்ஸ் கிளப், ரெக்சாசிலுள்ள தன் களஞ்சியம் ஒன்றுக்கு வில்லையின்றி வரும் பலட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு டொலர் அறவிடப்படும் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டில் அத்தொகை 12 சதமாகக் குறைக்கப்பட்டது. அந்த வீழ்ச்சியைக் கண்டோர்க்குத் திட்டத்தின் நிலைமை விளங்கியிருக்கும். பலட் திட்டம் மெல்ல ஓய்ந்தது. 2010இல் வோல்மார்ட் அமெரிக்காவில் வில்லையை ஆடைகளில் ஒட்டத் தொடங்கிற்று. துணியில் நீருமில்லை, உலோகமுமில்லை.

படைத்துறையின் அனுபவம் வேறொரு குறையைக் காட்டியது. வளைகுடாப் போரின் படிப்பினையால் அமெரிக்கப் படையினர் கொள்கலன்களில் மின்கலம் கொண்ட பெரிய வில்லைகளைப் பொருத்தி வந்தனர். 2003இல் ஈராக்குக்குச் சென்ற சரக்குக்கு அது கட்டாயமாயிற்று. ஆயினும் அவ்வாண்டு டிசெம்பரில் அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, தரைப்படைக்கு அனுப்பப்பட்ட பொருளுக்கும் பெற்றதாகப் பதியப்பட்ட பொருளுக்கும் இடையில் 120 கோடி டொலர் வேறுபாடு இருந்ததென்றது. வில்லைகள் எங்கும் ஒரே சீராகப் பயன்படுத்தப்படவில்லை என்பது காரணங்களுள் ஒன்று. மற்றொன்று கவனிக்கத்தக்கது. பல படைப்பிரிவுகளுக்கு உரிய பொருள்கள் ஒரே பலட்டிலும் கொள்கலனிலும் கலந்து வந்தன. அவற்றை இடைவழியிலே பிரித்து, வகைப்படுத்தி, மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. பலட் பிரிக்கப்பட்ட கணத்திலேயே அதன் பெயருக்கும் அதன்மேல் உள்ள சரக்குக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. புதிதாகக் கட்டியவர் அதனைப் பேரேட்டிற் பதியாவிடின், வில்லை தன் பழைய எண்ணை உண்மையாகவே கூறிக்கொண்டிருக்கும். அந்த எண்ணுக்கு எதிரே கணினியில் எழுதியிருப்பது பொய்யாயிருக்கும்.

இதனாலே வில்லையின் இயல்பைத் தெளிவாக அறிந்துகொள்ளலாம். அது தன் பெயரை மட்டுமே அறியும். தான் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கடைசியாக அதனைக் கேட்ட வாயில் எது என்பதைக்கொண்டு மற்றவர் ஊகிக்க வேண்டும். தன்மேல் எது ஏற்றப்பட்டிருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. அதனைப் பேரேடு கூறவேண்டும். பேரேட்டை எழுதுபவர் இன்னும் மனிதரே, அல்லது மனிதர் வகுத்த ஒழுங்கே.

தோல்வியையே கூறி நிறுத்துவது நியாயமாகாது. கார்ட்ராக் முறையைக் கைவிட்ட அதே இருப்புப் பாதைக் கம்பனிகள் 1990களின் முற்பகுதியில் வானொலி வில்லையை ஏற்றுக்கொண்டன. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில், பக்கத்துக்கு ஒன்றாக வில்லைகள் பொருத்தப்பட்டன. வண்டி முழுவதும் இரும்பாயினும், இரும்பின்மீது இயங்குவதற்கென்றே அவ்வில்லைகள் அமைக்கப்பட்டன. அம்முறை இன்றும் நடைபெறுகிறது. வோல்மார்ட்டின் பலட் தடுமாறிய இடத்தில் இருப்புப் பாதையின் வண்டி எப்படித் தடுமாறாமற் சென்றது? வண்டி பல பத்தாண்டுகள் ஓடும். ஒருமுறை பொருத்திய வில்லை அத்தனை காலமும் பேசும். வண்டி எல்லார் பாதையிலும் செல்வதால் நன்மையும் எல்லார்க்கும் உரியது. வண்டியின் பெயர் ஒருபோதும் மாறுவதில்லை. ஒரு பயணத்துக்கென்று அட்டைப்பெட்டியில் ஒட்டிப் பின்னர்க் குப்பையிலே போகும் வில்லைக்கு இம்மூன்றும் இல்லை.

இக்காரணம்பற்றியே, மீண்டும் மீண்டும் பயன்படும் பலட்டுகளிலும் கூடைகளிலும் வில்லை நன்றாக வேரூன்றியது. வாடகைப் பலட் வைத்திருப்போர்க்குச் சரக்கைப் பற்றிக் கவலையில்லை. தம் பலட் திரும்பி வருமா என்பதே கவலை. போன பலட் எந்தக் களஞ்சியத்தின் பின்முற்றத்திலே கிடக்கிறதோ, எவர் அடுப்பிலே எரிந்ததோ! அவற்றுக்கென்றே திரும்பிவரும் சொத்து என்ற வகையில் உலகப் பொது எண்முறை ஒன்றும் உண்டு. பிளாத்திக்குப் பலட்டானால், வார்க்கும்போதே வில்லையை உள்ளே பதித்துவிடலாம். வண்டியின் நாக்கு அதனைத் தீண்டாது, மழையும் அதனை நனையாது.

சில்லுகளும் விலையில் மிகக் குறைந்துவிட்டன. 2001ஆம் ஆண்டளவில் ஐந்து அமெரிக்கச் சதத்துக்கு வில்லை கிடைக்கும் காலம் ஆய்வாளரின் கனவாக இருந்தது; இன்று பெருந்தொகையாக வாங்குவோர்க்கு அது சாதாரண விலை. 2025 ஒக்டோபரில் வோல்மார்ட் மீண்டும் பலட்டின் பக்கம் திரும்பியது. சூழலிலுள்ள வானொலி அலைகளிலிருந்தே வலுவைச் சேர்த்து, புளூடூத் முறையிற் பேசும் மின்கலமற்ற உணரிகளைத் தன் அமெரிக்கக் களஞ்சியங்களிலும் கடைகளிலும் செல்லும் பலட்டுகளிற் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. 2026ஆம் ஆண்டின் முடிவுக்குள் ஒன்பது கோடிப் பலட்டுகள் என்பது அதன் இலக்கு. இவ்வுணரிகள் வாயிலைக் கடக்கும்போது மட்டுமன்றி, கட்டடத்தினுள் நிற்கும்போதும் பேசும். இறைச்சியும் பாலும் இருக்கும் பலட்டின் வெப்பநிலையையும் கூறும். இம்முறை செலவு முழுவதையும் வழங்குநர் தலையிற் சுமத்தும் பழைய கட்டளை முறை எவ்வளவு தூரம் மாறும் என்பதை வணிகர் கவனித்துக்கொண்டிருக்கின்றனர். புளூடூத்தின் அலையும் நீரினால் உறிஞ்சப்படுவதே. ஆதலால், தண்ணீர்ப் போத்தல் அடுக்கிய பலட்டின் எந்தப் பக்கத்தில் உணரியை ஒட்டுவது என்ற கேள்வியுடன், இருபதாண்டுகளுக்கு முன் சாங்கர் களஞ்சியத்தில் நின்றவர்களைப் போலவே, இன்றைய தொழிலாளரும் பலட்டைச் சுற்றி வந்து பார்க்க வேண்டியிருக்கும்.